ரத்தத்துக்குப் பவுடர் பூசிய மதாம்

ரத்தம் எடுக்க ஆள் வருகிற நாளில் மதாம் பட்டுப்புடவை கட்டிக்கொள்வார்.

மாம்பழ நிறம், சன்னமான பச்சைக் கரை. மாதா கோயில் திருநாளுக்குக்கூட அந்தப் பட்டை எடுக்கமாட்டார். கழுத்தில் மெல்லிய சங்கிலி, முகத்தில் பவுடர், உதட்டில் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சிவப்பு, மணிக்கட்டில் ஒரு சொட்டு சென்ட். லேபிலிருந்து வருகிறவர் நடு வயதைத் தாண்டிய, கொஞ்சம் தொப்பையான மனிதர். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் கதவருகே தயங்கி நிற்பார்.

“மேடம் எங்கயோ விசேஷத்துக்குக் கிளம்பிட்டீங்க போலிருக்கே. நான் வேணா அப்புறம் வரட்டுமா?”

“எங்கயும் கிளம்பல மிசே. ஒங்களுக்காகத்தான். ஒக்காருங்க.”

ஆண்களையெல்லாம், தன் கணவரைக்கூட, பிரெஞ்சு வழக்கில் ‘மிசே’ என்றுதான் மதாம் சொல்வார். அவர் வெட்கத்தோடு ஊசியை எடுப்பார். மதாம் ராணி கையை நீட்டுவதுபோல் நீட்டுவார்.

“உள்ள ஓடற ரத்தத்துக்கு மேல கட்டியிருக்கிற பட்டு தெரியவா போவுது?” என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன்.

“எல்லாம் தெரியும்டி கீழ்வூட்டுக்காரி. அழுதுக்கினு குடுக்கிற ரத்தம் அழுமூஞ்சி ரிப்போர்ட்டாத்தான் வரும்” என்றார்.

நான்தான் அந்தக் கீழ்வீட்டுக்காரி. நெல்லித்தோப்பில் அவர் வீட்டின் கீழ்ப்பகுதியில் பல ஆண்டுகள் குடியிருந்தேன். எங்களுக்கு வில்லியனூருக்கு அப்பால் கிராமம். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்து டவுனுக்கு வந்தவள் நான். வாடகைக்கு வீடு கேட்டுப் போன அன்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, “செருப்பைத் தொடச்சிட்டு வந்திருக்கியே, வூடு ஒனக்குத்தான்” என்று சொன்னார். அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தெருவுக்கே அவர் மதாம். இங்கேயும் மதாமாகவே இருக்கட்டும்.

அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். அவரோடு மதாம் பிரான்சில், வடக்கே ஏதோ ஒரு பட்டாளத்து ஊரில் நெடுநாள் குடித்தனம் செய்திருக்கிறார். ஒரே மகள் அங்கேதான் பிறந்தாள், அங்கேயே வளர்ந்தாள், அங்கேயே வேலைக்கும் போய்விட்டாள். ஓய்வு பெற்றதும் கணவனும் மனைவியும் புதுச்சேரிக்குத் திரும்பினார்கள். ஏன் திரும்பினீர்கள் என்று யார் கேட்டாலும் மதாமிடம் ஒரே பதில்தான்: “குளிரு.” கொடியில் காயப்போட்ட துணி அப்பளம்போல் விறைத்துக்கொண்டு நிற்குமாம். காலையில் கதவைத் திறந்தால் மூக்கு யாருடையதோபோல் ஆகிவிடுமாம். “அந்தக் குளிர்ல செத்தா, எழுந்து மோட்சத்துக்குப் போவறதுக்குக்கூட ஒடம்பு மடங்காதுடி” என்பார்.

திரும்பி வந்து சில ஆண்டுகளில் கணவர் போய்விட்டார். கணவரின் பென்ஷன் மதாமுக்கு வந்துகொண்டிருந்தது. அந்தப் பென்ஷனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, வாங்குகிறவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று நேரில் போய்க் காட்டிச் சான்று வாங்க வேண்டும். ஒருமுறை துணைக்கு என்னையும் அழைத்துப்போனார். கசங்கிய வேட்டி, எண்ணெய் காணாத தலை, கோலூன்றிய கை என்று வரிசை நீண்டு கிடந்தது. மதாம் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல் நடுவில் நின்றார்.

“பாருடி. உசுரோட இருக்கேன்னு சொல்லிக்க வந்திருக்குதுங்க, பாதி செத்த மூஞ்சோட. அவன் நம்புவானா? உசுரோட இருக்கேன்னு சொன்னா அது தெரிய வேணாமா?”

மேசைக்குப் பின்னாலிருந்தவர் முத்திரை குத்திவிட்டு, “வயசு தப்பா போட்டிருக்கா மதாம்?” என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எங்கள் தெருவையே ஒரு வாரம் படுத்தி எடுத்தார் மதாம்.

இதுதான் அவர் குணம். யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் போதும், சோடித்துவிடுவார். யாரும் பார்க்காத இடத்தைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் கூப்பிடுவாள். அதற்கென்று ஒரு நாற்காலி, அதற்குப் பின்னால் ஒரு சுவர். அந்தக் கூடத்துக்கு நான்கு சுவர் இருந்தாலும் ஆண்டுதோறும் வெள்ளையடிக்கப்படுவது அந்த ஒன்றுதான். மற்ற மூன்றும் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, தொட்டால் உதிரும். “அம்மா, வீட்டை எவ்வளவு அழகா வெச்சிருக்கீங்க” என்று அங்கேயிருந்து மகள் சொல்வாள். செல்போன் அந்தப் பக்கம் திரும்பிவிடாமல் மதாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பார். நான் உதிர்ந்த சுவரோரம் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

எங்களுக்குள் சண்டை வந்ததெல்லாம் மின்விசிறியால்தான்.

அந்த ஆண்டுகளில் எனக்கு மாதவிலக்கு நிற்கிற பருவம். பேசிக்கொண்டிருக்கும்போதே வயிற்றுக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல் ஒரு சூடு கிளம்பிக் கழுத்து வழியாக ஏறிக் காது மடல்வரை கொதிக்கும். கொஞ்ச நேரத்தில் வேர்த்து வழிந்து ரவிக்கை ஒட்டிக்கொள்ளும். ஆபீசில் விண்ணப்பம் கேட்டு வருகிறவர்கள் மேலெல்லாம் வள்ளென்று விழுவேன். என் வீட்டுக்காரர் பாவம், என்னைக் கேட்காமல் என் பக்கம் திரும்பிப் படுக்கக்கூட பயந்தார். நான் மாடிக்குப் போனால் முதல் வேலையாக மின்விசிறியைப் போடுவேன். மதாம் முதல் வேலையாக அதை அணைப்பார். வெளியே கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்; அவர் பிரான்சிலிருந்து கொண்டுவந்த பழுப்புநிறக் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்.

“ஏண்டி, ஒன் ஒடம்புல மிஞ்சறதுல பாதிய இந்தப் பக்கம் தள்ளேன். கரண்டு பில்லாவது மிச்சமாவும்.”

“எடுத்துக்குங்க மதாம். மொத்தமாவே எடுத்துக்குங்க.”

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். மின்விசிறி மெதுவாகச் சுற்றும்; நான் அதற்கு நேர் கீழே; மதாம் எதிர்மூலையில் சால்வைக்குள்ளே. ஒரே கூடத்தில் ஒருத்திக்குக் கத்திரி, ஒருத்திக்கு மார்கழி.

முதலில் நானும் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. கணீரென்றிருந்த குரல் தடித்துப்போனது. காலையில் முகம் உப்பியிருந்தது. கடற்கரைச் சாலையில் என்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு நடக்கிறவர், மாடிப்படி ஏறவே யோசித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கினார். கேட்டால், “வயசாவுதில்லடி” என்பார். அந்த ஒரு பதிலில் எல்லா வியாதியையும் மூட்டை கட்டிப் போட்டுவிடலாம் என்று நம் ஊரில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. எனக்கும் சூடு ஏறியபோது என் அண்ணி அதைத்தான் சொன்னாள்.

நானே இழுத்துக்கொண்டு ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர் கழுத்தைத் தடவிப் பார்த்து, முழங்காலைத் தட்டிப் பார்த்து, ரத்தம் சோதிக்கச் சொன்னார். தைராய்டு சுரப்பு தரைமட்டமாக இருந்தது. கொழுப்பு ஏறிக் கிடந்தது.

“இது தானா சுரக்க வேண்டியது. உங்களுக்குக் கொறஞ்சிடுச்சி. வயசானவங்களுக்குக் கொறைஞ்சா சும்மா குளிரோட போவாது மதாம். கொழுப்பு ஏறும், ரத்தக் குழாய் தடிக்கும், இதயம் களைச்சிப் போவும்” என்றார் டாக்டர். பிறகு விசிறிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். “உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். மாதவிலக்கு நின்ன பிறகு எலும்பையும் பிரஷரையும் பாத்துக்கணும். வர்ற வாரம் நீங்களும் வாங்க.” துணைக்குக் கூடப்போன எனக்கும் ஒரு திட்டு கிடைத்தது.

மதாம் முகத்தில் மட்டும் விளக்கு எரிந்தது.

“அப்ப எனக்கு வயசாவல. வியாதிதான்?”

“வியாதிதான்.”

“மெர்சி டாக்டர், மெர்சி!” பரிசு வாங்கியவர்போல் வெளியே வந்தார்.

மாத்திரை சின்னது. ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் இருந்தது. எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதன்பிறகு நன்றாக நேரம் விட்டுத்தான் காபி. மதாமின் காபியைப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும். டம்ளரில் குடிக்கமாட்டார். சோறு போடுகிற அளவுக்கு ஒரு பீங்கான் கிண்ணம், அதன் விளிம்புவரை காபி. பேக்கரியிலிருந்து வந்த நீள ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளித் தோய்த்துச் சாப்பிடுவார். கண்ணைத் திறந்ததும் அது வேண்டும். அதற்கு முன்னால் யாரோடும் பேசமாட்டார்.

“என் மிசே செத்த அன்னிக்கி காலையிலகூட நான் காப்பி குடிச்சிட்டுத்தாண்டி அழுதேன். இத்தினூண்டு மாத்திரை, அது என்னைக் காக்க வெக்கிறதா?”

ஆனாலும் முதல் சில மாதம் ஒழுங்காகத்தான் போட்டார். முகத்து உப்பல் வடிந்தது. குரல் திரும்பியது. சால்வை பீரோவுக்குள் போனது. ஒருநாள் மாலை கடற்கரைச் சாலையில் நான் மூச்சிரைக்க, “வாடி கெழவி” என்று என்னைக் கூப்பிட்டார். அவ்வளவுதான், குளிர் போய்விட்டது, வைத்தியம் முடிந்துவிட்டது என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். மாத்திரை பின்னுக்குப் போனது, காபி முன்னுக்கு வந்தது. மெல்ல மெல்லச் சால்வையும் பீரோவை விட்டு வெளியே வந்தது. “மழைக்காலமில்ல” என்றார். மழை நின்ற பிறகும் அதையே சொன்னார்.

அடுத்த ரிப்போர்ட் செல்போன் வழியாக மகளிடம் போனது. மகள் அழகாகத் தமிழ் பேசுவாள். ‘ர’ மட்டும் தொண்டைக்குள்ளிருந்து வரும். அன்று அவள் குரலில் கொஞ்சல் இல்லை.

“அம்மா, இன்னொரு ரிப்போர்ட் இப்பிடி வந்தா நான் டிக்கெட் போட்டுடுவேன். நீங்க இங்க வந்துடணும். ராத்திரி எழுந்திருச்சா நீங்க எப்பிடி இருக்கீங்களோன்னு எனக்கு நெஞ்சு அடிச்சிக்குது. முடியல அம்மா.”

அவள் சொன்னதில் எந்தத் தவறும் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் போனை வைத்த பிறகு மதாம் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. சால்வையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“அங்க போனா ஜன்னலண்ட ஒரு நாற்காலி போடுவா. பாக்கறதுக்கு ஒரு மரம் இருக்கும். அதுவும் பாதி வருஷம் மொட்டை. அந்தக் குளிரு என்னைக் கொன்னுடும்டி. என் மிசே இங்க படுத்திருக்காரு. அவரு பக்கத்துல எடம் சொல்லி வெச்சிருக்கேன். நான் இங்கதான் படுக்கணும்.”

“அப்ப மாத்திரையை ஒழுங்கா போடுங்க.”

“போடறேன், போடறேன்” என்றார். அந்தப் ‘போடறேன்’ எனக்குத் தெரிந்த ‘போடறேன்’தான்.

ரத்தம் எடுக்கிற நாள் நெருங்குகிறது என்பது படிக்கட்டில் இறங்கி வரும் பாகற்காய் வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். அந்தத் தடவை வாசனை சீக்கிரமே வந்தது. ரொட்டி நின்றது. தேங்காய்த்திட்டிலிருந்து கூடை கொண்டுவருகிற மீன்காரம்மாவிடம் வஞ்சிரம் வேண்டாம், குழம்புக்குச் சின்ன மீன் போதும் என்றார். மாடிக் கூடத்தில் தஸ்புஸ்ஸென்று நடக்கிற சத்தம் என் தலைக்குமேல் கேட்டது. சரி, ரத்தத்தைச் சோடிக்கிறார் என்று நினைத்தேன். கூடுதலாக ஒரு சோடனை நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்துச் சேர்த்து, அந்த ஒரு வாரத்துக்குள் விழுங்கிக்கொண்டிருந்தார். ஆண்டு முழுக்க அடிக்காத வெள்ளையை விருந்தாளி வருகிற வாரத்தில் சுவரில் அப்புகிற அதே வேலை.

ரத்தம் எடுக்கிற அன்று காலை ஆபீசுக்குக் கிளம்புமுன் மேலே எட்டிப் பார்த்தேன். மாம்பழப் பட்டு. சங்கிலி. சென்ட். ஆனால் பவுடர் ஒரு கன்னத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. இப்படி ஒரு நாளும் பூசமாட்டாரே என்று நினைத்தேன். சால்வை எங்கும் தெரியவில்லை. லேப்காரர் ரத்தம் எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மதாம் மூச்சுவிடாமல் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“கீழ்வூட்டுக்காரி, அந்த ஃபேனைப் போடேன்.”

நான் சிரித்தேன். “யாரு, நீங்களா?”

“பெருசா வையி. இன்னும் பெருசா.”

என் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை ஆண்டில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. விரல்கள் நடுங்கின. அவர் என் கையைப் பிடித்துத் தன் மார்பின்மேல் வைத்துக்கொண்டார்.

“கூடையில கொட்டின மீனு மாதிரி துள்ளுதுடி உள்ள.”

துள்ளியது. ஒரு தாளம் இல்லாமல், நின்று நின்று, திடீரென்று புரண்டு துள்ளியது. லேப்காரர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ரத்தக் குப்பியைப் பெட்டிக்குள் போட்டார். “அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவணும், ஆட்டோ கூப்பிடுங்க, உடனே” என்று என்னிடம் சொன்னார். மேடம் என்றே கூப்பிட்டுவந்த மனிதர் அன்று அம்மா என்றார்.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு மதாம் சொன்னது இரண்டே விஷயம். “மவளுக்கு போன் பண்ணிடாத.” கொஞ்சம் பொறுத்து, “நல்ல வேளை, பட்டு கட்டியிருந்தேன்.”

இதயம் தாளம் தப்பி ஓடியிருக்கிறது. ஊசி போட்டு, படுக்க வைத்து, ஒருவழியாக அதை வழிக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் அதே லேடி டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

“மதாம், எவ்வளவு மாத்திரை போட்டீங்க?”

மதாம் கூரையைப் பார்த்தார்.

“நீங்க சொல்ல வேணாம். இதுவே சொல்லுது. ரத்தத்துல மருந்து வழிஞ்சிக்கினு கிடக்குது. ஆனா மூளைக்கடியில ஒரு சுரப்பி இருக்குது, பட்டினி போட்டா கத்தறது. அது இன்னும் ‘பத்தல, பத்தல’ன்னு கத்திக்கினு இருக்குது. பல வாரமா பட்டினி போட்டுட்டு ஒரே வாரத்துல விருந்து வெச்சா அதுக்குத் தெரியாதா? கொறைஞ்சாலும் ஒங்க இதயத்துக்கு ஆவாது, கூடினாலும் ஆவாது. ஒரு நாளைக்கு ஒண்ணு, அவ்வளவுதான் அது கேக்கறது.” டாக்டர் எழுந்தார். “ரத்தத்துக்குப் பவுடர் பூச முடியாது மதாம்.”

அவர் போன பிறகு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அது அந்தப் பருவத்துச் சூடா, பயமா, எனக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். “செத்துப் போயிருப்பீங்க! தெரியுமா? செத்துப் போயிருப்பீங்க!”

“போயிருந்தா இங்கதானடி போயிருப்பேன்” என்றார் மதாம், மெதுவாக.

நான் அழுதுவிட்டேன். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்து, அவர் வேண்டாமென்று சொல்லியும், மகளுக்குப் போன் செய்தேன். அம்மாவுக்கு என்ன ஆனது என்று மகளுக்குத் தெரியாமல் இருக்கலாமா?

மகள் வருகிறாள் என்று தெரிந்ததும் நான் ஒட்டடைக் கொம்பை எடுத்துக்கொண்டு மேலே போனேன். இவ்வளவு பெரிய சோதனைக்கு வீட்டைச் சோடிக்க வேண்டாமா? புதுத் திரைச்சீலை வாங்கி வரட்டுமா என்றும் கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த மதாம் தலையை ஆட்டினார்.

“ஒண்ணும் தொடாத. அப்பிடியே இருக்கட்டும்.”

மகள் பெட்டியை இழுத்துக்கொண்டு படியேறி வந்தபோது மதாம் வெளுத்த நைட்டியில், வாராத தலையோடு, சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு துளிப் பவுடர் இல்லை. நாற்காலியை வெள்ளையடித்த சுவருக்கு எதிரே திருப்பிப் போட்டிருந்தார். மகள் முதல்முறையாக அந்த வீட்டின் மற்ற மூன்று சுவரையும் நிமிர்ந்து பார்த்தாள். போன தடவை அவள் வந்தபோது அவற்றின்மேல் திரையும் படமும் தொங்கவிட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அத்தனை விழுங்கியும் மிஞ்சிய மாத்திரை அட்டைகள் கிழிக்காமலே மேசைமேல் குவிந்து கிடந்தன.

“நல்லா பாத்துக்க” என்றார் மதாம். “இதான் வூடு. இதான் நான். மாத்திரை போடல, ஒன்னை ஏமாத்தினேன். எனக்கு ஒடம்பு சரியில்ல. ஆனா நான் அங்க வரமாட்டேன்மா. இப்ப நீ இன்னா செய்யணுமோ செய்யி.”

மகள் பெட்டியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னே சொன்னீங்க. அதனாலதான் எனக்குப் பயம். என்னத்தை மறைக்கிறீங்கன்னு தெரியாம, அதை நினைச்சித்தான் நான் தூங்கல. இப்பிடிச் சொல்லியிருந்தா…” அதற்குமேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை. பிரெஞ்சில் ஏதோ சொல்லி அழுதாள். மதாமும் பிரெஞ்சிலேயே அழுதார். அந்த ஒரு மொழியை அன்றைக்கு யாரும் சொல்லித்தராமலே நான் புரிந்துகொண்டேன்.

அவள் திரும்பிப் போகுமுன் என்னிடம் வந்தாள். “அக்கா, காலையில அந்த மாத்திரையை…” என்று ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் நான் சரியென்று சொல்லிவிட்டேன். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டேன். காபித்தூள் டப்பா என் வீட்டில்தான் இருக்கும்.

அப்படித்தான் நடந்தது. விடிந்ததும் மாத்திரையும் ஒரு சொம்புத் தண்ணீருமாக மேலே போவேன். மதாம் வாயைத் திறந்து காட்டுவார். நாக்கைத் தூக்கியும் காட்டச் சொல்வேன். அதன்பிறகு காபிக்கான நேரம் வரும்வரை இருவரும் பேசிக்கொண்டிருப்போம். காபி குடிக்காமல் யாரோடும் பேசாத மதாம், என்னோடு பேசப் பழகிக்கொண்டார். ஏசுவதற்காவது வாயைத் திறக்க வேண்டியிருந்ததே. “பெத்த மவ எனக்கு ஒரு ஜெயிலரை வெச்சிட்டுப் போயிட்டா” என்று பால்காரரிடம் சொல்லுவார். நேரம் ஆனதும் கீழே போய்ப் போட்டு எடுத்துவருவேன், கிண்ணம் நிறைய. என் வாழ்க்கையில் நான் நிதானமாக உட்கார்ந்திருந்த காலை நேரமெல்லாம் அவைதான். என் சூடும் அந்த ஆண்டுகளில் மெல்ல மெல்லத் தணிந்தது. மருந்தாலா, மதாமாலா, தெரியாது.

சால்வை பீரோவுக்குள் போனது. இந்தத் தடவை வெளியே வரவில்லை. ரிப்போர்ட் சுமாராக வந்தால் சுமார் என்றே மகளிடம் சொன்னார். செல்போனை இரண்டு கையாலும் பிடிப்பதை விட்டுவிட்டார். அது கண்டபடி திரும்பி உதிர்ந்த சுவரையெல்லாம் காட்டும். ஆனால் ரத்தம் எடுக்கிற நாளில் மட்டும் அதே மாம்பழப் பட்டு.

“இன்னும் எதுக்கு மதாம்?”

“ரத்தத்துக்கு இல்லடி. அந்த மிசேவுக்கு. பாவம், காலையிலேர்ந்து சீக்காளி மூஞ்சாவே பாத்துக்கினு ஊரெல்லாம் சுத்தறாரு. ஒரு மூஞ்சாவது நல்லா இருக்கட்டுமே.”

போன ஆண்டு, ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழவில்லை. ரொம்ப நாளாகக் களைத்திருந்த இதயம்தான் என்றார் டாக்டர். முன்பு அவ்வளவு நாள் விட்டுப்போயிருந்தும், பிறகு ஒழுங்காகப் போட்ட மாத்திரைதான் இவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்றும் சொன்னார்.

மகள் விமானம் பிடித்து வர வேண்டும். அதுவரை வைத்திருக்கத் தெருக்காரர்கள் ஐஸ் பெட்டி கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார்கள். அதற்கு முன்பே நான் மதாமைத் தயார் செய்திருந்தேன். மாம்பழப் பட்டு, சங்கிலி, இரண்டு கன்னத்திலும் ஒரே சீராகப் பவுடர், மணிக்கட்டில் ஒரு சொட்டு சென்ட். கையில் ஜெபமாலை. பார்க்க வருகிறவர்களெல்லாம் தூங்குகிற மாதிரியே இருக்கிறது என்றார்கள். கண்ணாடி மூடியைப் போட்டு மோட்டாரை ஓட விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பனி பிடிக்க ஆரம்பித்தது.

அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. இந்தக் குளிருக்குப் பயந்துதானே அவ்வளவு தூரத்திலிருந்து ஓடிவந்தார். இதற்குப் பயந்துதானே மாத்திரையை அள்ளி விழுங்கினார்.

“மூடியைத் தொறங்க” என்றேன்.

“இன்னாத்துக்கு?” என்றார் பெட்டி கொண்டுவந்தவர்.

“சால்வை போர்த்தணும்.”

தெருவில் பெரியவர் ஒருவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். “பைத்தியமா புள்ள ஒனக்கு? செத்தவங்களுக்குக் குளிருமா?”

“எனக்குத் தெரியாது. தொறங்க.”

என் குரலைக் கேட்டுத் திறந்துவிட்டார்கள். பீரோவிலிருந்து பழுப்புச் சால்வையை எடுத்துக் காலிலிருந்து கழுத்துவரை போர்த்தினேன். மாம்பழப் பட்டு முழுக்க மறைந்துபோனது. சோடித்ததெல்லாம் வீணாய்ப் போயிற்றே என்று ஒருத்தி முணுமுணுத்தாள். மதாமே எழுந்து திட்டுவாரோ என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது.

மகள் வந்து சேர்ந்தபோது மூடியைத் திறந்தோம். குனிந்து அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சாமியார் ஜெபம் சொல்ல வருகிற நேரம். புடவை தெரிகிற மாதிரி அந்தக் கம்பளியை எடுத்துவிடலாமே என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். நான் கையை நீட்டினேன். மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் அக்கா. அம்மாவுக்குக் குளிரும்.”

சால்வையின் நுனியை எடுத்து அம்மாவின் தாடைக்குக் கீழே இதமாகச் செருகினாள், குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி.

அப்படியேதான் எடுத்துக்கொண்டு போனோம். அவருடைய மிசேவுக்குப் பக்கத்தில், அவர் சொல்லி வைத்திருந்த இடத்திலேயே அடக்கம் செய்தோம். மரமே இல்லாத மூலை அது. நாள் முழுக்க நல்ல வெயில் படும்.